திரைவழி ஆலோசனை பயன் தருமா?

கேள்வி: மணமுறிவுக்குப் பிறகு உறக்கமும் வேலையில் கவனமும் குலைந்துவிட்டன. இணையவழி மனநல ஆலோசனை, நேரில் பெறுவதற்கு ஈடாகுமா?

பதில்: மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் காணொளி அழைப்பு வழியாகப் பெற்றவர்கள், நேரில் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே பயனடைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளதால், தயங்காமல் தொடங்கலாம். ஆலோசகரின் கல்வித்தகுதி, நீங்கள் சொல்பவை எங்கே சேமிக்கப்படும், இணைப்பு அறுந்தால் எப்படித் தொடர்வது ஆகியவற்றை முதல் அமர்விலேயே கேட்டுவிடுங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரை விட்டு விலகுவதே நல்லது. வழக்கமாக ஓர் அமர்வு 45 முதல் 50 நிமிடங்கள் நீடிப்பதால், பிறர் காதில் விழாமல் பேச இடம் வேண்டும் (நிறுத்திய காருக்குள் அமர்ந்து பேசுவோரும் உண்டு). சில வாரங்களுக்குப் பின்னும் உறக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே அவசர உதவியை நாடுங்கள்.