பெரிய மென்பொருள் நிறுவனம் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டது. குன்னூரில் உள்ள எங்கள் சிறு கம்பெனியை மூட வேண்டியதுதானா?

பச்சைத்தேயிலையை எடை போட்டு விவசாயிக்கு ரசீது அடிக்கும் ஆப் செய்கிறீர்கள்; அதன் பெயரும் நிரலும் (கோடிங்) தங்களுடையவை என்று அந்தப் பெரிய நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு; வீடு போய்விடுமோ என்று பயம். இவ்வளவுதான் கேள்வியில் இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் என்றே எடுத்துக்கொள்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக.

வழக்குப் போட்டார்கள் என்பதற்காக மட்டும் வீட்டை யாரும் தொட முடியாது. கம்பெனியின் கடன் கம்பெனியோடு நிற்கும். வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தால் அது தனி. இயக்குநர்களையும் 2ஆம், 3ஆம் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். முன்னின்று செய்தது நீங்களே என்று நிரூபணமானால் தீர்ப்பு உங்கள் பெயருக்கும் வரும். பார்ட்னர்ஷிப் என்றால் சொந்தச் சொத்துவரை நீளும்.

சிறு கம்பெனியைச் சாய்ப்பது கடைசித் தீர்ப்பு அல்ல, அதற்கு முன்னால் வரும் தடையும் செலவும்தான். அமெரிக்காவில் ஆப்பிளின் மேக் மென்பொருளைப் போட்டுக் கணினி விற்ற சைஸ்டார் என்ற சிறு கம்பெனி மீது ஆப்பிள் 2008 ஜூலையில் வழக்குப் போட்டது. சைஸ்டார் 2009 மே மாதமே திவால் மனு கொடுத்தது. தீர்ப்பு வந்ததோ நவம்பரில். ஆண்ட்ராய்டில் ஜாவா நிரலைப் பயன்படுத்தியதாக ஆரக்கிள் போட்ட வழக்கில் 2010 முதல் 2021 வரை தாக்குப்பிடிக்க எதிரில் கூகுள் இருக்க வேண்டியிருந்தது.

முதலில், தடையை மீறாதீர்கள். ஆப்பில் பெயரை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். உங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் உள்ள தெர்மல் பிரிண்டர் பழைய பெயரைத் தலைப்பில் போட்டு ரசீது துப்பிக்கொண்டே இருக்கும். விவசாயிகளிடம் இலை வாங்கும் ஏஜென்ட் போனில் வாட்ஸ்ஆப்பில் வந்த பழைய ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) ஓடும். அந்த ரசீதைப் படம் எடுத்து சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 39 விதி 2ஏ-யில் மனுப் போடுவார்கள். சொத்து முடக்கம், மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று அதில் இருக்கிறது. நிரலை அழிப்பதும் கூடாது. அழித்தவன் மறைத்தான் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நாள் கணக்கு. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து எதிர்வாதவுரைக்கு (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) 30 நாள். காரணம் காட்டி, சொல்லும் செலவைக் கட்டினால் 120 வரை. 121ஆம் நாள் நீதிபதியே நினைத்தாலும் வாங்க முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. "மலைக்குத் தபால் ஒழுங்காக வராது, வாங்காமல் திருப்பி அனுப்பு" என்று யோசனை சொல்பவர்கள் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் நிறையப் பேர். வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கணக்கு. இந்த யோசனையால் கெட்ட வழக்குகளுக்கு அவர்கள் யாரும் பதில் சொல்வதில்லை.

உங்களைக் கேட்காமலே தடை கொடுத்திருந்தால் அதே சட்டத்தின் ஆணை 39 விதி 4-இல் நீக்கக் கேளுங்கள். இங்கே அவர்கள் மறைத்ததுதான் ஆயுதம். "போன மாதம்தான் தெரிந்தது" என்று மனுவில் சொல்லிவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பே உங்களிடம் டெமோ கேட்டு மெயில் அனுப்பியிருந்தால், அந்த ஒரு மெயிலே பெரிய சாட்சி. அதோடு பழைய இன்வாய்ஸ், டொமைன் வாங்கிய ரசீது, நிரல் மாற்ற வரலாறு. மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4) சான்றிதழ், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்), நீங்கள் நிரப்புவதும் நிபுணர் நிரப்புவதுமாக இரண்டு பகுதியும் வேண்டும். அவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தியதற்கும் பதிவு செய்ததற்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் டிரேட்மார்க் சட்டம் பிரிவு 34 காப்பாற்றும்.

பலர் கோட்டை விடும் இடம் நிரலின் உரிமை. சம்பளத்துக்கு வேலை செய்தவர் எழுதியது கம்பெனிக்கு. பிராஜெக்ட் கணக்கில் வெளியாள் எழுதியது, உரிமையைக் கம்பெனிக்குக் கொடுக்கும் கையெழுத்திட்ட எழுத்து மூல ஒப்படைப்பு இல்லாவிட்டால், அவருக்கே. ஒப்படைப்பில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம்தான். எதிர்த்தரப்பு அவரைத் தேடிப்போய் உரிமையை வாங்குவதற்குள் நீங்கள் எழுதி வாங்குங்கள்.

வக்கீல் நோட்டீஸ் மட்டும் வந்திருப்பவர்களுக்கு: கேவியட் (என்னைக் கேட்காமல் தடை கொடுக்காதீர்கள் என்ற முன்மனு) போடுங்கள், 90 நாள் செல்லும். வழக்கு எந்த நீதிமன்றத்தில் வரக்கூடுமோ அங்கே போட வேண்டும்.

சமரசம் பேசினால் பெயரை விட்டுக்கொடுத்து நிரலைக் காப்பாற்றப் பாருங்கள். பெயர் மாற்ற இலை வரத்து அதிகமுள்ள மாதங்களைத் தவிர்த்து அவகாசம் கேளுங்கள். நஷ்டஈடு இல்லை, ஆப்பைப் பயன்படுத்தும் தொழிற்சாலைகள் மீது வழக்கு இல்லை, செலவு அவரவருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் போட்டு, ஆணை 23 விதி 3-இல் தீர்ப்பாகவே பதிவு செய்யுங்கள்.