கண்ணாடி நிலை ஆய்வு: அளப்பதற்கு முன் சமநிலையைச் சோதியுங்கள்

"கண்ணாடிப் பொருள்களில் முனைவர் பட்டம் செய்ய ஆசை, சிமுலேஷனை எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூலக்கூறு இயக்கவியல் நிரலை ஒருமுறையாவது ஓட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோப்–ஆண்டர்சன் கலவையில் தொடங்குங்கள், அதாவது இரண்டு அளவுத் துகள்கள் கலந்த எளிய கணினித் திரவம். 1994–95இல் வந்த மாதிரி. பழசுதான், ஆனால் உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க அத்தனை எண்கள் அச்சில் இருக்கின்றன. 800 பெரிய துகள், 200 சிறிய துகள், அடர்த்தி 1.2, பெட்டியின் பக்கம் 9.41 வரும். எண்கள் எல்லாம் மாதிரியின் சொந்த அலகில்: பெரியது–பெரியது ஈர்ப்பும் விட்டமும் 1. லாம்ப்ஸ் (LAMMPS) என்ற மூலக்கூறு இயக்கவியல் நிரலில் ஓட்டினால் மூன்று இணைகளுக்கும் மதிப்புகளைக் கையாலேயே கொடுங்கள். பெரியது–சிறியது ஈர்ப்பு 1.5, விட்டம் 0.8, சிறியது–சிறியது 0.5, 0.88. கொடுக்காமல் விட்டால் நிரல் பெருக்கற்சராசரி எடுத்து 1.5க்குப் பதில் 0.71 போட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நீங்கள் வேறொரு திரவத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கட்ஆஃபும், அதாவது விசையைக் கணக்கிடுவதை நிறுத்தும் தூரமும், அப்படியே: பெரியது–பெரியது 2.5, பெரியது–சிறியது 2.0, சிறியது–சிறியது 2.2.

இனி முக்கியமானது. வெப்பநிலையை 0.45க்கு இறக்கியதும் ஆற்றல் நிலையாகத் தெரிகிறதே என்று அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆற்றல் ஏமாற்றும். அமைப்புக் காரணியின் (துகள்கள் எந்த இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன என்று காட்டும் வளைவு) முதல் உச்சியில், அதாவது அலை எண் 7.25 அருகே, துகளின் சுயச் சிதறல் சார்பை (துகள் தன் பழைய இடத்தை விட்டு எவ்வளவு நகர்ந்துவிட்டது என்று காட்டுவது) கணக்கிட்டு, அது 1/e அளவுக்கு விழும் நேரத்தைத் தளர்வு நேரமாக எடுங்கள். 0.45இல் அது ஆயிரங்களில் இருக்கும். அதைப் போல நூறு மடங்காவது ஓட்ட வேண்டும், நேரப்படி 0.005 என்றால் கோடிக்கணக்கான படிகள். பிறகு வெவ்வேறு தொடக்க நேரங்களிலிருந்து அதே சார்பை வரையுங்கள். வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் சரி. பிந்தைய வளைவு வலப்பக்கம் நகர்ந்தால் மாதிரி இன்னும் மூப்படைந்துகொண்டிருக்கிறது, சமநிலைக்கு வரவில்லை. அந்தத் தரவு எதற்கும் உதவாது.

0.4க்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் படிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆற்றல் திடீரென்று இறங்கினால் இன்னும் நிலையான கண்ணாடி கிடைத்துவிட்டது என்று மகிழாதீர்கள். இரு பரிமாணத்தில் 80:20 விகிதம் எளிதில் படிகமாகும், அங்கே 65:35 போடுங்கள். பெரிய துகளையும் சிறிய துகளையும் தற்செயலாக இடம்மாற்றிச் சீக்கிரம் சமநிலைக்குக் கொண்டுவரும் மான்டே கார்லோ முறையை இந்தக் கலவையில் நம்ப வேண்டாம். தொடர்ச்சியான அளவுப் பரவல் கொண்ட துகள்களுக்குத்தான் அது அற்புதமாக வேலை செய்யும்.

சோதனைக்கூடக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அங்கேயும் இதே சிக்கல்தான். குளிர்விக்கும் வேகத்தை மாற்றினால் கண்ணாடி மாறும் வெப்பநிலையே நகரும். நிமிடத்துக்கு 10 கெல்வினா, 1 கெல்வினா என்று எழுதாத அளவீட்டுக்கு மதிப்பில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தாழ்ந்த வெப்பநிலைக்கு மாதக்கணக்கில் கணினி ஓடும் துறை இது. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணும் மதிப்பீட்டுக் குழுக்களுக்கு இது புரிவதே இல்லை. அவசரப்பட்டு அளந்தவருக்கு வேலை கிடைக்கிறது, பொறுத்திருந்தவர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் சேர்வதற்கு முன்பே வழிகாட்டியிடம் இரண்டு கேளுங்கள்: ஒரு மாணவருக்கு எவ்வளவு கணினி நேரம் ஒதுக்குவார்? முந்தைய மாணவரின் ஆய்வேட்டில் அந்தத் தொடக்க நேரச் சோதனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?