பி1 வகுப்பில் பிழைகள் கூடுவது ஏன்?

கேள்வி: திருச்சியில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் வேலைக்குச் செல்வதற்காக ஜெர்மன் படிக்கிறேன். முதல் இரண்டு படிகளான ஏ1, ஏ2 தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றேன். அடுத்த படியான பி1 தொடங்கிய பிறகு முன்னேற்றமே தெரியவில்லை. 'நான் போனேன்' என்பதற்கு முன்பெல்லாம் 'இஷ் பின் கெகாங்கென்' என்று சரியாகச் சொன்ன நான், இப்போது 'கெகேட்' என்று உளறுகிறேன். மறுபடியும் ஏ2 வகுப்பில் சேரட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி. ஏ1 படித்தபோது அந்த வாக்கியத்தை முழுதாக மனப்பாடம் செய்து ஒப்பித்தீர்கள். இப்போது வினைக்கு முன்னால் 'கெ'யும் பின்னால் 'ட்'டும் சேர்க்கும் விதி உங்களுக்குள் வேலை செய்யத் தொடங்கியிருப்பதால், அதற்கு அடங்காத வினைகளின் மீதும் அது பாய்கிறது. ஜெர்மன் குழந்தைகளும் தாய்மொழியைக் கற்கையில் இப்படித்தான் தடுமாறுகிறார்கள். கற்பவரின் பிழைகள் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைக் காட்டும் சான்றுகள் என்று பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-லேயே எழுதினார்.

ஜெர்மனிக்குப் பிழைக்கப்போன இத்தாலிய, ஸ்பானிய, போர்த்துகீசியத் தொழிலாளர்களின் பேச்சை 1970-களின் இறுதியில் ஆராய்ந்தவர்கள், வாக்கிய அமைப்பு ஏறத்தாழ ஒரே வரிசையில் கைவருவதைக் கண்டார்கள். 'இன்று' என்ற சொல்லை முதலில் வைத்தால் வினை எழுவாய்க்கு முன்னால் வந்து 'ஹொய்ட்ட கேயெ இஷ்' (இன்று போகிறேன் நான்) என்றாக வேண்டும். ஆனால் 'ஹொய்ட்ட இஷ் கேயெ' என்று சொல்லும் கட்டத்தைக் கடந்த பிறகே அது பழகுகிறது. இந்த விதியை மன்ஃப்ரெட் பீனமன் என்ற மொழியியலாளர் இத்தாலியச் சிறுவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தபோது, அதற்கு முந்தைய படியை எட்டியிருந்தவர்களுக்கு மட்டுமே அது பேச்சில் வந்தது. எனவே ஆசிரியர் பத்து முறை திருத்தியும் ஒன்று வரவில்லை என்றால், அதை உங்கள் மந்தபுத்தி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

வேகம் குறைந்ததாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ1-இல் கற்ற சொற்கள் எந்தப் பேச்சிலும் அடிக்கடி வருபவை என்பதால் பத்துச் சொல் கற்றாலே பலன் தெரிந்தது. இப்போது கற்பவை எப்போதாவது எதிர்ப்படும் சொற்கள். ஏ1, ஏ2-ஐப் போல் நான்கு மாதத்தில் ஒரு படி என்று கணக்குப் போடுவது, விளம்பரங்கள் என்ன சொன்னாலும், பி1-க்குப் பொருந்தாது.

ஆகவே எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் விரட்டாதீர்கள். வார்டில் ஷிப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஓவர் கொடுப்பீர்கள் அல்லவா? நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, அதையே ஜெர்மனில் சொல்லி வாரம் ஒருமுறை அலைபேசியில் பதிவுசெய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது வினை நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்; பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டெர், டீ, டாஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை பலருக்கும் கடைசிவரை வழுக்குபவை. ஒரு மாதம் கழித்து முதல் பதிவையும் கேளுங்கள். 'வைல்' (ஏனென்றால்) போட்டுக் காரணம் சொல்லும் வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போவது தமிழரான நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று.

கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதலாம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 போதும். துணிவு உள்ள பகுதிகளை முதலில் முடித்துவிட்டு, பேச்சுத் தேர்வைச் சற்றுத் தள்ளி வையுங்கள். செவிலியர் பணிக்குப் பெரும்பாலும் அடுத்த படியான பி2 கேட்கிறார்கள் என்பதால், ஏ2-வுக்குத் திரும்பக் கட்ட நினைத்த பணத்தை அதற்காக எடுத்துவையுங்கள்.