கொறங்காட்டை உழுதவருக்கு

கேள்வி: தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது புல் வளரவிட்டு ஆடுமாடு மேய்க்கிற காடு. மூன்று வருடம் முன்பு பாதியை உழுது, போர்த் தண்ணீரில் மக்காச்சோளம் போட்டேன். முதல் இரண்டு போகம் உரம் அதிகம் போடாமலே நன்றாக விளைந்தது. இப்போது பயிர் வெளுத்து நிற்கிறது. மண்ணின் அங்ககக் கரிமம், அதாவது மட்கில் உள்ள கரிமம், 0.7 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறங்கிவிட்டது. கடையில் மட்குச் சத்து என்று ஹியூமிக் குருணை போடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ? மீதி இரண்டு ஏக்கரையும் ஆடிக்குள் உழ எண்ணம்.

பதில்: குருணை வேண்டாம். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் 0.2 சதவீதம் என்றால் 1,800 கிலோ கரிமம். அதை ஐந்து கிலோ பையால் ஈடுகட்டலாம் என்கிறார் கடைக்காரர். அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை.

போன கரிமம் மூச்சாகப் போயிற்று. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று, நம்மைப் போலவே கரியமில வாயுவை விடுகின்றன. கொழுக்கட்டைப்புல் இருந்தவரை வேர் கொடுத்ததும் இவை தின்றதும் ஏறக்குறைய சரியாக இருந்தது. மண்கட்டிக்குள் அகப்பட்ட மட்கு இவற்றுக்கு எட்டவும் இல்லை. நீங்கள் கட்டியை உடைத்து, தண்ணீரும் விட்டீர்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இவற்றின் பசிக்குக் கேட்கவா வேண்டும்? மட்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து உண்டு. ஆக ஏக்கருக்கு 150 கிலோவுக்கு மேல், அதாவது ஏழெட்டு மூட்டை யூரியாவின் சத்து வெளியே வந்திருக்கிறது. முதல் இரண்டு போகம் அதில் விளைந்ததுதான். விதையின் சாமர்த்தியம் என்று நினைத்திருப்பீர்கள்.

எதால் உழுதீர்கள் என்று எழுதவில்லை. சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டராகத்தான் இருக்கும். மாவாக அரைத்தால்தான் உழவு என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவர் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் ஓட்டிவிட்டுத்தான் போவார். நம் வறண்ட நிலத்துக்கு இதைவிடக் கேடான கருவி வந்ததில்லை என்பது என் கட்சி. விதைக்கிற சாலில் மட்டும் கீறினால் சோளம் முளைக்காதா என்ன?

நிற்கிற பயிருக்கு யூரியாவைப் பிரித்து மேலுரமாகக் கொடுங்கள். இப்போதைக்கு வேறு வழியில்லை. அறுத்தபின் தட்டையைக் கொளுத்தாதீர்கள். ஆட்டுப்பட்டி போட்டு, ஒரு போகம் கொள்ளு விதையுங்கள். இழந்தது திரும்பப் பல வருடம் ஆகும்.

மீதி இரண்டு ஏக்கரை உழவே வேண்டாம். நம்பாவிட்டால், உழுத காட்டில் ஒரு காய்ந்த கட்டி, புல் காட்டில் ஒன்று எடுத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முதலாவது பொலபொலவென்று கரைந்து சேறாகும். மற்றது வேர் நூல்கள் நீட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். பார்த்துவிட்டு டிராக்டருக்குச் சொல்லுங்கள்.