பஞ்சும் உப்புத் தண்ணியும்

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 2019 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஒன்றை செகண்ட்ஸில் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. கல்யாண மண்டபத்தில் நிறுத்தினால் “வாடகை வண்டிங்களா?” என்கிறார்கள், அது கிடக்கட்டும். கொஞ்ச நாளாகப் பின்சீட்டுப் பக்கம் விர்ரென்று காற்றாடிச் சத்தம், மைலேஜும் இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பெரிய பேட்டரி போச்சு, மாற்றணும் என்கிறார்கள். பாதி நாள் வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. என்ன செய்யட்டுமுங்க?

அன்புள்ள நண்பருக்கு,

பேட்டரிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் பின்சீட்டுக்கு அடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள்.

ஹைபிரிட் பேட்டரி குளிர்வது வண்டிக்குள் இருக்கும் ஏசி காற்றால். ஒரு சின்ன ஃபேன் அந்தத் துவாரம் வழியாகக் காற்றை இழுக்கிறது, நடுவில் ஒரு வலை ஃபில்டர். கம்பெனிக்குள் போய்வரும் உடையில் ஒட்டிய பஞ்செல்லாம் சீட்டில் உதிர்ந்து அங்கேதான் போய்ச் சேரும். ஃபில்டர் அடைத்தால் பேட்டரி சூடாகும். ஃபேன் வேகமெடுத்துச் சத்தம் போடும். கம்ப்யூட்டரும் பேட்டரியைக் காப்பாற்ற அதன் வேலையைக் குறைத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் அதிகம் ஓடும், மைலேஜ் விழும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

வண்டியை ஆஃப் செய்து, துவாரத்தின் மூடியைக் கழற்றி, ஃபில்டரை எடுத்து வேக்யூமில் உறிஞ்சுங்கள். தண்ணீர் வேண்டாம். உங்கள் ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும். அதற்குப் பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் ஃபேன் இறக்கையிலேயே பஞ்சு சுற்றியிருக்கும். அதைக் கழற்றும் இடத்தில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது, தெரிந்தவர் கையில் விடுங்கள். பேட்டரி உண்மையிலேயே போயிருந்தால், ஒர்க்‌ஷாப்பில் வண்டியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் பெரும்பாலும் P0A80 என்ற பிழைக் குறியீடு வரும். அந்த பிரிண்ட் கொடுக்காமல் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு வேறொரு வில்லங்கம் உண்டு. டிக்கியில் 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது வடிந்தால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி எழும்பாது, டிக்கியும் பொத்தானுக்குத் திறக்காது. பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில், வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்க முனை வைத்திருக்கிறார்கள். பிளஸ் மைனஸ் மாறினால் செலவு பெரிது. வாரம் ஒருமுறை டாஷ்போர்டில் ரெடி விளக்கு எரியும்படி ஸ்டார்ட் செய்து, கியரை பி-யில் (பார்க்கிங்) வைத்து, ஒரு மணி நேரம் விடுங்கள். சும்மா சுவிட்சைப் போட்டுப் பாட்டுக் கேட்டால் இருப்பதும் வடியும்.

கழுவுவது போர் தண்ணியிலா? வெயிலில் காய்ந்தால் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படிந்து, நாளடைவில் பெயின்ட்டையே அரித்துவிடும். காலையில் நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். குழாயில் நல்ல தண்ணி வரும் நாளில் கடைசியாக ஒரு வாளி ஊற்றினால் போதும். அதே போர் தண்ணியை கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) டப்பாவில் மட்டும் ஊற்றவே கூடாது. எஞ்சினுக்கு ஒன்று, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு டப்பா; இரண்டுக்கும் டொயோட்டாவின் பிங்க் நிறக் கூலன்ட்தான்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி இறங்கும்போது பாதி வழியில் எஞ்சின் திடீரென்று உறுமினால் பதற வேண்டாம். இறக்கத்தில் சார்ஜ் ஏறி பேட்டரி நிரம்பிவிட்டது, இனி வேகத்தைப் பிடிக்க எஞ்சினைச் சுழற்றுகிறது. கியரை எஸ்-க்கு மாற்றிக்கொண்டு, பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி மிதியுங்கள்.