ஆட்டோவுக்கு அடித்தகடு

கேள்வி: எஸ்டேட் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். பின்னால் இருக்கும் இன்ஜினின் அடிப்பாகத்தில் கல் இடிக்கிறது. தகடு போடலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் இன்ஜினில் மாட்டக் கூடாது, சேஸிஸில்தான் (வண்டியின் இரும்புச் சட்டம்) மாட்ட வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுவது. இன்ஜினையும் சேஸிஸையும் தகட்டால் இறுக்கிக் கட்டினால் அதிர்வில் போல்ட் மாட்டும் காது உடையும். தகட்டுக்கும் இன்ஜினுக்கும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் கை) தகட்டில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே துளை போடுங்கள்.

இரண்டடிக்கு ஒன்றரை அடித் தகடு 3 மி.மீ. இரும்பில் ஆறு கிலோவைத் தாண்டும், 4 மி.மீ. அலுமினியத்தில் மூன்று கிலோதான். மலையேறும் வண்டிக்கு அலுமினியமே மேல். அது இரும்பை நேராகத் தொட்டால் மழை ஈரத்தில் அரிக்கும், எனவே நடுவில் ரப்பர் வாஷர் கட்டாயம். எட்டு எம்.எம். போல்ட், நைலாக் நட் (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போதும். சேஸிஸில் வெல்டிங் மட்டும் வேண்டாம். சூடுபட்ட ஓரத்தில் விரிசல் விடும்.

ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு நேர்கீழே ஸ்பேனர் நுழையும் அளவு ஓட்டை வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தகட்டைக் கழற்ற வேண்டும், மெக்கானிக் திட்டுவார். சேறு வடிய நாலைந்து துளைகளும் தேவை. சைலன்சர் பக்கம் மூடவே கூடாது. நம் ஊர் யூகலிப்டஸ் சருகு தகட்டில் சேர்ந்து சைலன்சரைத் தொட்டால் தீப்பிடிக்கும். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை கையை விட்டு வழித்துப் போடுங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. ஜாக்கியைத் தகட்டில் கொடுக்காதீர்கள்.