வரலாற்று வகுப்புக்கு மூன்று மடிப்புப் பலகை: தெர்மோகோல் வாங்குவதற்கு முன்

வணக்கம் சகோதரி. உங்கள் மகள் இங்கே அமெரிக்காவில் 11ஆம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி (அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானதும், கறுப்பின மக்கள் பஸ் ஏற மறுத்த போராட்டம்) ஆறு வாரத்தில் ஒரு காட்சிப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "அவள் அப்பா தெர்மோகோலில் அழகாக ஒரு பஸ் செய்து தருகிறேன் என்கிறார், போதுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. அப்பா செய்தது என்பது ஆசிரியருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், பஸ்ஸுக்கு இங்கே மதிப்பெண் கொஞ்சம்தான். ஆசிரியர் கொடுத்த ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியலை, முதலில் வாசியுங்கள். பெரும்பாலான பள்ளிகள் நேஷனல் ஹிஸ்டரி டே என்ற மாணவர் வரலாற்றுப் போட்டியின் விதிகளை ஒட்டியே இந்த மாதிரி வேலை கொடுக்கின்றன. அந்தப் போட்டியில் 80 சதவீதம் வரலாற்றுத் தரத்துக்கு, 20 சதவீதம்தான் தெளிவாகக் காட்டியதற்கு. கட்டுரை, பலகை, நாடகம், ஆவணப்படம், இணையதளம் என்று ஐந்து வகை உண்டு. ஆங்கிலத்தில் இன்னும் தயக்கம் உள்ள பிள்ளைக்குப் பலகைதான் நல்லது. மாணவர் சொந்தமாக எழுதும் சொற்கள் 500ஐத் தாண்டக் கூடாது என்பதே விதி. ஆவணங்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் அந்தக் கணக்கில் சேராது.

முதல் வாரம் முழுவதும் கேள்விக்குப் போகட்டும். "மான்ட்கமரி புறக்கணிப்பு" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. அதை அப்படியே எடுத்தால் ரோசா பார்க்ஸ் பிறந்தார், வளர்ந்தார் என்று பாடப்புத்தகச் சுருக்கமாகத்தான் முடியும். "டிசம்பர் 5, 1955 முதல் 381 நாள் பஸ் ஏறாமல் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்?" என்று கேட்டால் விஷயம் தானாக விரியும். முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டே வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற சட்டத்தைக் காட்டி நகர நிர்வாகம் மிரட்டியது. அதன் பிறகு ஏறத்தாழ 300 கார்களைக் கொண்டு, ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்து ஒரு கார் சேவையையே நடத்தினார்கள். தேவாலயங்களின் பேரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்குக் காப்பீடு ரத்தானபோது லண்டன் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை வழியாகக் காப்பீடு எடுத்தார்கள். கார் சேவைக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்த அதே நாளில், 1956 நவம்பர் 13 அன்று, பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பலகையின் நடுவில் பஸ் பொம்மைக்குப் பதிலாக, அவளே கையால் வரைந்த நகர வரைபடத்தில் கார் நிற்கும் இடங்களைக் குறித்தால் அதுவே படைப்பு, அதுவே வாதமும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள் சான்று தேட. முதன்மைச் சான்று என்றால் அந்தக் காலத்திலேயே எழுந்த ஆவணம். கூகுள் படத் தேடலில் கிடைத்த படத்துக்கு "மூலம்: கூகுள்" என்று எழுதுவதுதான் புதிய மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு, கூகுள் மூலம் அல்ல. தேசிய ஆவணக் காப்பகத்தில் ரோசா பார்க்ஸின் கைது அறிக்கை, கைரேகை அட்டை, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டும் பஸ் வரைபடம் எல்லாம் இலவசம். மான்ட்கமரியின் கறுப்பினப் பெண்கள் அமைப்பான பெண்கள் அரசியல் மன்றத்தின் ஜோ ஆன் ராபின்சன் 1954 மே 21 அன்றே மேயருக்குக் கடிதம் எழுதி, புறக்கணிப்பு வரலாம் என்று எச்சரித்திருக்கிறார். களைத்துப்போன ஒரு வயதான தையல்காரி திடீரென்று எழ மறுத்தார் என்ற கதையை இந்த ஒரு கடிதமே உடைத்துவிடும். கைதானபோது பார்க்ஸுக்கு வயது 42; கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1955 மார்ச்சில் இதே காரணத்துக்காகக் கைதான கிளாடெட் கோல்வினுக்கு 15 வயது, கிட்டத்தட்ட உங்கள் மகளின் வயது. அவரைப் பலகையில் விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தக் கால ஆவணங்களில் கறுப்பின மக்களைக் குறிக்க வரும் சில சொற்கள் இன்று யாரும் சொல்லாதவை. மேற்கோளுக்குள் மட்டும் அப்படியே இருக்கலாம். அவள் தன் வரிகளில் "பிளாக்" அல்லது "ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்" என்றே எழுதட்டும். புதிதாக வந்தவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான்காம் வாரம் எழுத்து, ஐந்தாம் வாரம் பலகை. கடைகளில் கிடைக்கும் சாதாரண மூன்று மடிப்புப் பலகை விரித்தால் 48 அங்குல அகலம், 36 அங்குல உயரம். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் அகலம் 40 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் நன்றாக முன்னால் மடக்கினால் சரியாகிவிடும். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது, நாலடி தள்ளி நின்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரவப் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசையோ இரு பக்க டேப்போ வாங்குங்கள். ஜிகினா வேண்டவே வேண்டாம்.

கடைசி வாரத்தைக் குறிப்புரையோடு கூடிய நூற்பட்டியலுக்கு விடுங்கள். முதன்மைச் சான்றும், பிற்காலத்தவர் எழுதிய இரண்டாம் நிலைச் சான்றும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் எதற்கு உதவியது என்று ஓரிரு வரி. இதைக் கடைசி இரவுக்குத் தள்ளினால் இணைப்பு எங்கே போனது என்று தேடியே விடிந்துவிடும். முதல் நாளிலிருந்தே ஒரு கூகுள் டாக்கில் சேர்த்து வரட்டும். சந்தேகம் இருந்தால் ஆசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுத வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் மாணவரே எழுத வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். பள்ளி நூலகரையும் அவளே போய்ப் பார்க்கட்டும், பள்ளி சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளங்களின் கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும்.